எல்லாரும் இறங்கட்டும்

“...கண்ணு ரெண்டுதானேங்க இருக்கு? ஒண்ண சன்னலுக்கும் இன்னொண்ண ஒங்க டப்பாவுக்கும்னு பிரிச்சா வைக்க முடியும்? நீங்களே சொல்லுங்க தங்கச்சி.”

நான் சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தபோது அக்கா போனில் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்றே முக்கால். அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா குரலை உயர்த்தவில்லை. கடையில் அரைக் கிலோ உளுந்து கேட்கிற குரல்தான். ஆனால் இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. பஸ் வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிப்போமே, அந்த மாதிரி.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நாங்கள் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிற இரண்டு பேர். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை அவர், அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை நான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், லாரியையும் டிராக்டரையும் நிறுத்தி எடை போடுகிற இடம். வேபிரிட்ஜ் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். சாலையோரம் தரைமட்டத்தில் பெரிய இரும்புப் பலகை. அதைத்தான் மேடை என்போம். வண்டி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் பத்துக்குப் பத்து அறை, அறைக்கு ஒரு சன்னல், சன்னலுக்கு உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். அக்கா அங்கே பதினாறு வருஷம், நான் ஒன்பது வருஷம்.

நான் எட்டாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்பாக அமுக்கி அமுக்கித்தான் சரியானதைக் கண்டுபிடித்தேன். வேலை இல்லாத நேரத்தில் வீணான எடைச்சீட்டின் பின்பக்கத்தில் ஆட்கள் பேசுவதை எழுதி வைப்பேன். அது ஒரு வியாதி மாதிரி எனக்கு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை என்பதால் மதியத்துக்குள் தலை, புருவம் எல்லாம் வெளுத்துவிடும். ஜெயங்கொண்டத்து டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “ஒம் மேல ஒரு கொடம் தண்ணிய ஊத்தி வுட்டா காலையில செவுரா நிப்ப புள்ள” என்றார். அந்தச் சீட்டு இன்னும் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. இப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பாதிக்கு மேல் அக்கா சொன்னவைதான்.

எங்கள் வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி மக்காச்சோளத்தோடு வந்து ஒரு தடவை ஏறும். அது லோடு எடை. பக்கத்துக் குடோனில் சோளத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை ஏறும். அது காலி எடை. முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் நிற்பது சோளம். லோடு எடையின்போது வண்டியில் ஆள் உட்கார்ந்திருந்தால் வாங்குகிறவருக்கு நட்டம். காலி எடையின்போது உட்கார்ந்திருந்தால் விளைய வைத்தவருக்கு நட்டம், அந்த ஆளின் எடை அளவுக்குச் சோளம் போய்விடும். அதனால் வண்டி மேடையில் நின்றதும் எல்லாரும் இறங்க வேண்டும். எண் போடுவது மெஷின். இறங்க வைப்பதுதான் எங்கள் வேலை.

லாரி என்றால் சிரமம் இல்லை. டிரைவரும் கிளீனரும் தாமே குதித்துவிடுவார்கள். டிராக்டர் அப்படி இல்லை. குடும்பமே வரும். வீட்டுக்காரர் ஓட்டுவார், சம்சாரம் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார், கூட ஓரகத்தி, தூக்குவாளி, சில நேரம் வழியில் வாங்கிய வெள்ளாடு. ஆட்டையும் அக்கா விடமாட்டார். “அதுவும் தின்னுட்டுத்தானே வந்திருக்கு, எறக்குங்க” என்பார். சிரித்துக்கொண்டே இறக்குவார்கள். அக்கா உட்கார்ந்த இடத்தில் இருந்தே சன்னல் வழியாக ஒவ்வொரு தலையாகப் பார்த்து, “எறங்குங்க, எறங்குங்க, அந்தப் பச்சச் சேல, ஒன்னையத்தான்” என்று சொல்லி முடித்து, மேடையில் இரும்பும் சக்கரமும் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விரலை அழுத்துவார்.

விரலை மட்டும்தான். கண் திரைக்குப் போகாது. பழைய திரை கறுப்பு, எழுத்து வெள்ளை. கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு கட்டை லோடுக்கு, அதற்கு அடுத்தது காலிக்கு, வரிசையின் கடைசிப் பக்கம் ஒன்று சீட்டு அடிக்க. அந்த மூன்று கட்டையிலும் எழுத்து எப்போதோ தேய்ந்துபோய் வழவழவென்று இருக்கும். அக்காவின் விரலுக்கு அவை இருக்கிற இடம் தெரியும், நமக்கு இருட்டில் நம் வீட்டு சுவிட்ச் தெரிகிற மாதிரி. பதினாறு வருஷமாக அவர் கண் சன்னலில்தான் இருந்தது.

அதனால் ஒரு பெயர் இருந்தது. அது பெரிய பெயர் ஒன்றும் இல்லை. செட்டிகுளம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்கூட, வழியில் இரண்டு எடைமேடையைத் தாண்டி எங்களிடம் வருவார்கள். வந்து, “அக்கா இருக்குதா?” என்று கேட்பார்கள். நான் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை என்று போடுவார்கள். அவர் இருந்தால் எதையும் பார்க்காமல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். இதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொன்னால் பொய்.

புதுசு வந்தது என் நேரத்தில்தான்.

அதற்கு முன்னால் சில வாரமாகவே திரை நடுவில் ஒரு கட்டம் வந்து வந்து நிற்கும். புதிய வடிவம் தயார் என்று இங்கிலீஷில் எழுதி, கீழே இரண்டு பொத்தான். இப்போதே, பிறகு. நாங்கள் பிறகு என்பதையே அமுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு நாள், “வூட்டு வாசல்ல பாத்திரக்காரன் நின்ன மாதிரி நிக்குதுடி. வேணாம்னா ரெண்டு வூடு போயிட்டு திரும்பி வர்றான்” என்றார். எழுதி வைத்தேன். ஒரு மதியம் அந்தக் கட்டம் வந்தபோது பிறகு என்ற பொத்தானைக் காணோம். இப்போதே மட்டும் இருந்தது. மேடைமேல் ஒரு லாரி, அதன் பின்னால் இரண்டு, ஒருவன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. நான் அமுக்கினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனாலும் அமுக்கியது என் விரல்.

கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வந்தது. திரை முழுக்க வெள்ளை, ஓரத்தில் நீலம். கட்டம் எல்லாம் மூலை மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி. எழுத்து சின்னது, காலி இடம் ஏராளம். அந்த மூன்று கட்டைகளை அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. மவுஸைப் பிடித்து நகர்த்தித்தான் எதையும் செய்ய வேண்டும். இன்னொன்றும் இருந்தது. மேடையில் எண் மூன்று விநாடி ஆடாமல் நின்றால் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடும். ஓடி முடிந்தால் எடையை அதுவே எடுத்துக்கொள்ளும், சீட்டையும் அதுவே அடித்துவிடும். நாம் எதையும் அமுக்க வேண்டியதில்லை. இனி உங்கள் வேலை எளிது என்று மேலே எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றே பார்த்தார். “நம்ம வூட்டு உப்பு டப்பாவ எங்கியோ ஒளிச்சு வச்சுட்டு, புது டப்பா நல்லாருக்கான்னு கேக்கறானுங்க” என்றார். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். கேட்கவும்தான் செய்தார்கள். அன்று பகலில் வண்டி மேடையில் நிற்கும்போதே ஒரு கட்டம் வந்து எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றது. அக்கா ஒன்று கொடுத்தார். ஏன் என்று எழுதச் சொன்னது. எழுதாமல் மூட முடியவில்லை. அக்கா தமிழில் வண்டி நிக்குது என்று எழுதினார். இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள் என்றது. வண்டி நிக்குது வண்டி நிக்குது வண்டி நிக்குது என்று எழுதினார். நன்றி சொல்லிவிட்டுப் போனது.

முதலாளிக்குப் பிடித்திருந்தது. பேங்க் மாதிரி இருக்கிறது என்றார். லாரிக்காரர்கள் சன்னலில் எட்டிப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், “மூஞ்சிய மட்டும் கழுவி வுட்டுருக்கானுவ, வயசு அதேதான்” என்றார்.

எனக்கு நாலு நாளில் பழகிவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் திரையைப் பார்த்து வேலை செய்கிறவள். பச்சைக் கோடு ஓடும், சீட்டு வரும், கிழித்துக் கொடுப்பேன். வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது குறைந்துபோனது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கோடு ஓடத்தான் போகிறது. வாய் மட்டும் எறங்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது. கை, கண் எல்லாம் வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி இருந்தது. குத்தவும் இல்லை, வலிக்கவும் இல்லை.

அக்காவுக்குப் பழகவில்லை. அவர் பதினாறு வருஷம் பார்த்த பக்கமே பார்த்தார். சன்னல் பக்கம். எறங்குங்க என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சீட்டு ஏற்கெனவே வந்து தொங்கிக்கொண்டிருக்கும். எப்போது எடுத்தது, இறங்குவதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாது. முதல் வாரத்திலேயே அது அவருக்கு உறுத்தியது. சாக்பீஸால் ஒரு பலகையில் மேடை ஏறுவதற்கு முன் எல்லோரும் இறங்கவும் என்று எழுதி வாசலில் வைத்தோம். யாரும் படிக்கவில்லை. சாலையிலிருந்து திரும்புகிற இடம் சரிவு, பின்னால் லாரி வந்துகொண்டே இருக்கும், அங்கே நிறுத்தி ஆள் இறக்க முடியாது. மேடையில் வந்து நின்றால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். ஒரு காற்றடித்த நாளில் அந்தப் பலகை மேல் லாரி ஏறிப் போனது.

கம்பெனிக்குப் போன் செய்து, தானாக எடுப்பதை நிறுத்திக் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். பழைய கறுப்புத் திரையாவது கொடுங்கள் என்றார். அது இனிமேல் எங்கேயுமே கிடையாது, எல்லாரையும் மாற்றிவிட்டோம் என்றார்கள். இதெல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

ஒரு நாள் நான் வேலை மாற வந்தபோது அக்கா அன்றைய சீட்டுகளின் நகலை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலைதான். ஒரு சீட்டில் நின்றுவிட்டார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார்.

“இந்த வண்டி மூவாயிரத்தி எரநூத்தி நாப்பது” என்றார்.

சீட்டில் காலி எடை மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது என்று இருந்தது. வருஷா வருஷம் வருகிற வண்டிகளின் காலி எடை அவருக்கு மனப்பாடம். சொந்தக்காரர் பெயர் தெரியாது, வண்டி எடை தெரியும். நூற்றுப் பத்து கிலோ கூட. நான் டீசல் நிறைய ஊற்றியிருப்பார்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டவில்லை.

“ரெண்டு பேரு” என்றார். “அவங்க சம்சாரமும் ஓரகத்தியும். எறக்கிப் போட்டுட்டு வந்த அசதியில துண்டத் தலையில போட்டுகிட்டு ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு ஒக்காந்திருந்தாளுவ. அசையக்கூட இல்ல. எறங்குங்கன்னேன். எறங்குனாங்க. நான் பாத்தேன்டி. நான் பாத்துகிட்டிருக்கும்போதே அது எடுத்துருச்சு.”

அசதியில் அவர்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரியத்தைக் கெடுத்தது. எண்ணும் ஆடாமல் நின்றிருக்கிறது. ஒரு மூட்டைக்கு மேல் சோளம், இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய்விட்டது. அந்த விவசாயிக்குத் தெரியாது. குடோனுக்குத் தெரியாது. அக்கா சொல்லாமல் இருந்தால் யாருக்குமே தெரியப்போவதில்லை.

சீட்டைத் திருத்தப் பார்த்தார். முடித்த சீட்டைத் திருத்த அதில் வழி இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தார். அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மேடம் என்றார்கள். கையால் ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, குடோனுக்கு அவரே நடந்து போய்க் கொடுத்தார். குடோன்காரருக்கு அக்காவை நன்றாகத் தெரியும். நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தாராம். புதுச் சீட்டில் சதுரமாக ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அதை அவர்கள் கம்ப்யூட்டரில் காட்டினால்தான் ஏறும். “ஒங்க கையெழுத்த நான் பதினாறு வருஷமா பாக்கறேங்க்கா. எங்க கம்ப்யூட்டருக்கு ஒங்களத் தெரியலியே” என்றாராம். அக்கா டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

முதலாளி, அந்த ஆள் வந்து கேட்டானா என்றார். கேட்கவில்லை என்றார் அக்கா. அப்புறம் என்ன, லாரியில் சிந்துவதே அதற்கு மேல் இருக்கும், விடும்மா என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அதில் செய்ய ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த வண்டிக்காரரைத் தேடிச் செட்டிகுளத்துக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. பெரம்பலூரில் பஸ் மாறினோம். கோயில் மலை தெரிகிற இடத்துக்கு முன்னாலேயே இறங்கி விசாரித்துக்கொண்டு போனோம். வண்டி எடையைச் சொல்லியா விசாரிக்க முடியும்? சிவப்பு டிராக்டர், டிரெய்லர் பின் கதவு பாதி ஒடிந்தது என்று சொல்லி விசாரித்தோம். கிடைத்தது.

வண்டிக்காரர் வயலுக்குப் போயிருந்தார். சம்சாரம் வாசலில் சின்ன வெங்காயத்தைத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. சன்னலுக்குள் இருக்கிற முகம் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் தெரியும்? “எடை போடுற அக்காவா? இவ்ளோ உசரமா நீங்க?” என்றார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா நின்றபடியே சொல்லி முடித்தார். என்ன நடந்தது, எவ்வளவு போனது, குடோனில் என்ன சொன்னார்கள், எல்லாம். எதையும் குறைக்கவில்லை.

அந்தப் பெண் அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாங்க ஏறி ஒக்காந்து வந்ததுக்கா?”

“ஆமாம்மா.”

“எறங்கத்தான செஞ்சோம்.”

“எறங்குனீங்க. அதுக்குள்ள எடுத்துருச்சு.”

அவர் ஒரு வெங்காயத்தைத் தாள் அறுத்துக் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். கோபம் இல்லை. வாடிக்கையாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“போன வருசமும் இப்படித்தான் போச்சா?”

நான் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லம்மா. இந்த வருசந்தான். புதுசு வந்தப்புறம்.”

“அதுக்கு முன்ன வருசம்?”

“இல்ல.”

“சரி” என்றார் அந்தப் பெண். நம்பினேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. வெயில் ஏறிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். கிளம்பும்போது ஒரு பையில் வெங்காயம் போட்டுக் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பை என் கைக்கு வந்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன், எழுதி வைக்கலாமே என்ற நினைப்பும் இருந்திருக்கும், பழக்கதோஷம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, “பதினாறு வருசமும் போச்சு பாத்தியா” என்றார். அவ்வளவுதான். நான் அதை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கப் பழகினார். வண்டி நின்றதும் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு எறங்குங்க என்று சொல்வார். யாரிடம் சொல்கிறார் என்று வண்டிக்காரர்களுக்குப் புரியாது. பச்சைக் கோடு பாதி ஓடும்போது தலையைத் திருப்பி வெளியே பார்ப்பார், யாராவது உட்கார்ந்திருப்பார்கள், திரும்புவதற்குள் சீட்டு வந்திருக்கும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வண்டியை இறக்கி, சுற்றிக்கொண்டு வந்து திரும்ப ஏறச் சொல்வார். வண்டிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவது முறை ஏறும்போதும் யாராவது மறந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் பக்கத்து எடைமேடைக்குப் போகத் தொடங்கினார்கள். அக்கா இருக்குதா என்று கேட்பது நின்றுபோனது. அது எந்த நாளில் நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் அன்றைய போன். நான் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிவிட்டு நின்றேன். கம்பெனியில் அவர் பேசுவது எத்தனையாவது தடவை என்று நாங்கள் எண்ணவில்லை. அந்தப் பெண், நீங்கள் திரையை மட்டும் பார்த்தால் போதும் மேடம், வெளியே பார்க்கத்தான் கேமரா கொடுத்திருக்கிறோமே என்றிருக்கிறாள். கேமரா இருக்கிறது. அது வண்டியின் முன் நம்பரை மட்டும் படம் பிடிக்கும். டிரெய்லரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் அக்கா, கண்ணு ரெண்டுதானேங்க இருக்கு என்று கேட்டார்.

பதிலை இந்த முறை ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ, கை வலித்ததோ. குரல் சின்னப் பெண்ணுடையது. மதுரைப் பக்கத்துப் பேச்சு லேசாகத் தெரிந்தது. உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டேன் மேடம் என்றாள். அடுத்த மாற்றத்தில் பரிசீலிப்பார்கள் என்றாள். அக்கா, நீ சாப்புட்டியா தங்கச்சி என்று கேட்டார். “இன்னும் இல்ல மேடம். லைன்ல ஆளு நிக்கிறாங்க” என்றாள். அவளிடமும் ஒரு திரை இருந்திருக்கும். அதில் எது ஓடியதோ.

போனை வைத்ததும் டிங் என்று ஒரு சத்தம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வந்திருந்தது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே ஒரு டிராக்டர் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. குடோனில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வருகிற வண்டி. டிரெய்லரில் மூன்று பெண்கள், காலை நீட்டி, சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு ஆகவில்லை, அக்காவின் நேரம்தான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நீ ஒக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இந்த ஒன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அந்தக் கதவைத் தாண்டி மேடைப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. இரும்புப் பலகையின் ஓரத்துக்குப் போய் நின்றார். டிராக்டர் ஏறி நின்றது. என்ஜின் அணைந்தது. திரையில் எண் மேலே ஏறி, தயங்கி, நிற்கப் போனது. பச்சைக் கோடு புறப்பட்டது.

அக்கா மேடைமேல் ஏறினார். எண் குதித்தது. கோடு நின்றுவிட்டது. இறங்கினார். எண் சரிந்தது. கோடு திரும்ப முதலில் இருந்து புறப்பட்டது. ஏறினார். நின்றது. இறங்கினார். ஏறினார். படி ஏறி இறங்குவது போல, அவசரமில்லாமல், ஒரே அளவாக. கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. முகத்தில் ஒன்றும் இல்லை. டிரைவர் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கோடு கால்வாசி போவதும் அழிவதுமாக இருந்தது.

ஏறி இறங்கிக்கொண்டே அக்கா சொல்லிக்கொண்டிருந்தார், சன்னல் வழியாகச் சொல்கிற அதே குரலில். எறங்குங்க. எறங்குங்கம்மா. மெதுவா எறங்குங்க, அவசரமில்ல. அந்தத் தூங்குற புள்ளைய எழுப்புங்க. தூக்குவாளியையும் எடுத்துக்குங்க. டிரைவரையும் இறங்கச் சொன்னார். இரண்டு பெண்கள் மண்ணில் இறங்கி, டிரைவர் இறங்கி, தூங்கியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினாள். அக்கா டிரெய்லரை எட்டிப் பார்த்தார். டிராக்டர் சீட்டைப் பார்த்தார். சக்கரம் எல்லாம் பலகைக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அத்தனையும் முடிகிறவரை அவர் கால் ஏறி இறங்குவதை நிறுத்தவில்லை.

பிறகு மேடையை விட்டு இறங்கி, இரண்டடி தள்ளிப் போய், வெயிலில் நின்றார்.

எண் நின்றது. பச்சைக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடியது. சீட்டு வந்தது. நான் கிழித்துச் சன்னல் வழியாக நீட்டினேன். அக்கா அதை வாங்கி, எண்ணைப் படித்துப் பார்த்து, டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, சரிவில் நின்றிருந்த அடுத்த டிராக்டருக்கு வா என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பவும் ஒரு காலை மேடைமேல் வைத்தார்.